அஞ்சலி அச்சிட்ட யாசினின் சாட்சியம்

முகமது யாசின் திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே பெண் எடுத்து, அங்கேயே கடையும் வைத்தவர். அவருடைய தந்தை தோல் பதனிடும் ஆலை ஒன்றில் மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டியில் வெந்து வெளுத்த தம் கைகளைக் காட்டி, "இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத" என்று அவர் மகனிடம் ஒரே தடவைதான் சொன்னார். மகன் கணினி கற்றுக்கொண்டார். சில ஆண்டுகள் இன்னொருவர் கடையில் பேனர் வடிவமைத்துவிட்டு, பிறகு 'நூர் டிஜிட்டல்ஸ்' என்று சொந்தமாக ஒரு சிறிய கடையைத் திறந்தார்.

பூப்புனித நீராட்டு, காதணி விழா, கட்சிப் பிறந்தநாள் என்று எல்லாமே அச்சடித்தாலும் கடை நிலைத்து நின்றது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளால்தான். கல்யாணக்காரர்கள் நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் நேரே வருவார்கள், பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்பார்கள். யார் வீட்டுச் சாவுக்கு எந்தச் சொல் என்பது யாசினுக்கு விரல் நுனியில் இருந்தது. சைவர் வீட்டுக்குச் 'சிவலோகப் பதவி'. கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு 'இயற்கை எய்தினார்'. தம் மக்களுக்கு 'வஃபாத்'. கத்தோலிக்கர்களுக்குப் பிறந்த தேதியின் முன்னால் 'மண்ணில்', இறந்த தேதியின் முன்னால் 'விண்ணில்'. அடியில் வருந்துவோர் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் பிணத்தை எடுக்கும் முன்பே அடிதடி நடக்கும் என்பதால், பெயர்களை இருமுறை வாசித்துக் காட்டிய பிறகே அவர் அச்சுக்கு விடுவார்.

"ஊரெல்லாம் அழுதாத்தான் நம்ம வீட்ல உலை கொதிக்குது" என்று அவர் மனைவி ஷாஹினா கேலி பேசுவாள். பேசிக்கொண்டே அச்சான தாள்களை மடித்து அடுக்கவும் செய்வாள்.

அவர் ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அவர் மட்டுமல்ல, அந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருமே கடைப்பிடிப்பதுதான். இறந்தது வயதானவர் என்றால், "என்ன செஞ்சுச்சு? சுகரா?" என்று விசாரிக்கலாம். சின்ன வயது என்றால், அதிலும் பெண் என்றால், எப்படி என்று கேட்பதில்லை. மருந்தா, கயிறா, காய்ச்சலா, கேட்டு என்ன ஆகப்போகிறது? வந்து நிற்பவனுக்கு அது வெந்த புண்ணில் வேல். படத்தை வாங்குவார், தேதிகளை வாங்குவார், தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார். "யாசின் பாய் தங்கமான மனுசன், ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு" என்று இந்தக் கேட்காத குணத்துக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு முன்னிரவு. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் பேனருக்குப் பலூன் வைத்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கம். நூர் டிஜிட்டல்ஸ் யாசின்தானே? நான் ஜோஸ்பின், கனடாவில இருந்து கதைக்கிறன்."

அவருக்கு அது இலங்கைத் தமிழ் என்று புரிந்தது. அகதி முகாம்காரர்கள் கடைக்கு வந்து பேசிக் கேட்டிருக்கிறார். ஆனாலும் முந்தின வாரம்தான் பக்கத்துக் கடைக்காரர் இப்படி ஒரு அழைப்பில் ஏமாந்திருந்தார்.

"லோனெல்லாம் வேணாங்க. வச்சிருங்க."

"லோன் இல்லைத் தம்பி, வைச்சிடாதேங்கோ. நான் அகதி வழக்குகள் பாக்கிற சட்டத்தரணி. ஷைனி எண்டு ஒரு பிள்ளைக்கு நீங்கள் கண்ணீர் அஞ்சலி அடிச்சனிங்களோ? அடியில உங்கட கடை நம்பர் இருக்கு."

ஒவ்வொரு சுவரொட்டியின் வலது மூலையிலும் கடைப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் சிறிய எழுத்தில் போடுவது அவருடைய விளம்பரம். அது கடல் தாண்டிப் போகும் என்று அவர் கண்டாரா?

"நிலக்கோட்டப் பக்கம், பூ மண்டிக்காரங்க வீட்டுப் பொண்ணுங்களா? ஆமாங்க, நாந்தான் அடிச்சேன். பாவம், சின்ன வயசு."

"அந்தப் பிள்ளை இப்ப எனக்கு முன்னால கதிரையில இருக்கிறா."

யாசினின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. திரையில் அவர் இழுத்துக்கொண்டிருந்த பலூன், குழந்தையின் முகத்துக்கு மேலே பாதியில் நின்றது.

"என்னங்க சொல்றீங்க?"

"உயிரோட இருக்கிறா. புருசனும் இருக்கிறார். நீங்கள் போட்ட 'விண்ணில்' தேதி என்ன தேதி தெரியுமே? அவை ரெண்டு பேரும் கலியாணத்தைப் பதிவு செய்த தேதி."

அந்தக் குடும்பத்தை யாசின் நன்றாக அறிவார். மண்டி வைத்திருந்த ராயப்பராஜ் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு அஞ்சலி அடித்ததிலிருந்து பழக்கம். மூத்த மகன் ரொனால்டு, தாய் சகாயசெல்வி, கடைக்குட்டி ஷைனி. அந்த ஷைனி தான் படித்த நர்சிங் கல்லூரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ராபின் என்பவனை மணந்துகொண்டாள் என்று ஜோஸ்பின் சொன்னார். அவனும் அதே பங்குதான், அதே கோயில்தான், ஒரே பீடத்தில்தான் நற்கருணை. தெரு மட்டும் வேறு. கல்லறைத் தோட்டத்தில் அவன் தெருவுக்கும் இவள் தெருவுக்கும் நடுவே இன்றைக்கும் ஒரு சுவர் உண்டு.

பதிவுத் திருமணம் முடிந்ததும் இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலை, அவர்கள் குடியிருந்த தெருச் சுவர்களிலெல்லாம் அவளுடைய கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. அன்று மாலை நான்கு பேர் வந்து ராபினின் இடது கையைக் கல்லால் நசுக்கினார்கள். காவல் நிலையத்தில், "குடும்ப விசயம், பெரியவங்களை வச்சுப் பேசித் தீத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் மேற்படிப்புக்கு இடம் வாங்கி, புருசனையும் கூட்டிக்கொண்டு கனடா போனாள். திரும்பிப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று இப்போது அங்கே அடைக்கலம் கேட்டு மனுச் செய்திருக்கிறாள்.

"புருசன்ர கையை நசுக்கினவை எண்டு காட்டினால் மட்டும் காணாது தம்பி" என்றார் ஜோஸ்பின். "அகதி வாரியத்தில ஒரு உறுப்பினர் இருந்து தீர்ப்புச் சொல்லுவா. அவ கேக்கிற முக்கியமான கேள்வி வேற. இந்தியா பெரிய நாடு, வேற ஒரு ஊரில போய்ப் பத்திரமா இருக்கலாம்தானே எண்டு கேப்பா. அங்கேயும் தேடிக்கொண்டு வருவினம் எண்டு நாங்கள் காட்டோணும். இந்தியாவில இருந்து வாற கன வழக்கு இந்தக் கேள்வியிலதான் விழுகிறது."

"அதுக்கு நான் என்னங்க செய்ய முடியும்?"

"இந்தப் பிள்ளையிட்ட இருக்கிறது ஓசூர்ச் சுவரில இருந்து உரிச்ச ஒரு கிழிசல் துண்டு. முகம் இல்லை. சுவருக்குச் சொந்தக்காரன் சுரண்டிப்போட்டான். உங்கட நம்பரும் ரெண்டு வரியும்தான் மிச்சம். ஆரும் எங்கேயும் அடிச்சிருக்கலாம் எண்டு சொல்லுவினம். நீங்கள் அடிச்சதெண்டும், ஆர் சொல்லி அடிச்சதெண்டும் வீடியோவில வந்து சாட்சி சொல்லுவீங்களோ?"

"எப்படிச் சொல்லணும்?"

"அதை நான் சொல்லித் தரக்கூடாது. நீங்கள் கண்டதையும் செய்ததையும் சொன்னால் போதும். கதவைச் சாத்திப்போட்டு விசாரிக்கிற வழக்கு, உங்கட பேர் வெளியில போகாது."

யோசித்துச் சொல்வதாக யாசின் வைத்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது ஷாஹினாவிடம் சொன்னார். அவள் வெஞ்சனக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"உசுரோட இருக்காளா? யா அல்லாஹ்! அந்தப் போஸ்டரை நானுல்ல மடிச்சுக் கட்டுனேன். சின்னப் பிள்ளையாச்சேன்னு துஆவும் செஞ்சேன்."

எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போகாதீங்க" என்றாள். "அவுங்க கோயில் திருவிழா பேனரெல்லாம் நம்மகிட்டத்தான் வருது. நாளைக்கு வெளிய தெரிஞ்சுச்சுன்னா இது ஒரு வீட்டுச் சண்டையா நிக்காது. பாய் கடைன்னு ஆரம்பிச்சுருவாங்க. நமக்கு எதுக்குங்க?"

அவள் சொன்னது தவறு என்று யாசினால் நெஞ்சறியப் பொய் சொல்ல முடியாது. நாளைக் கடத்தினார். ஜோஸ்பினின் இரண்டு அழைப்புகளை எடுக்கவில்லை.

மூன்றாவது அழைப்பு வருவதற்கு முன்னால் ரொனால்டு வந்தார். கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப் பந்து. நிலக்கோட்டைச் சந்தைக்குக் காலையில் வந்த பூ, கடை முழுக்க மணந்தது.

"இந்தா யாசினு, தங்கச்சிகிட்டக் குடு. திருவிழாக் கொடியேத்தத்துக்கு பேனரு வேணும். போன வருசப் போட்டோவையே போடு. தொப்பையை மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளு அப்பு, கம்ப்யூட்டர்ல அதுக்கென்ன காசா பணமா?"

யாசினும் சிரித்தார். எப்போதும் போல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார். ரொனால்டு தம் பெண்பிள்ளையின் ஆண்டுவிழா நடனத்தைக் கைபேசியில் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த யாசினுக்கு மனம் அதில் ஒட்டவில்லை. இதே நாற்காலி, இதே சட்டைப்பை, இதே மணம். இப்படி உட்கார்ந்துதானே தங்கையின் படத்தைக் கொடுத்தார்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? ஆயுளில் எவரிடமும் கேட்டிராததை அவர் வாய் அப்போது கேட்டுவிட்டது.

"அண்ணே, தங்கச்சி எப்படிண்ணே இறந்துச்சு?"

ரொனால்டு கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் யாசினைத் திடுக்கிட வைத்தது.

"என்ன யாசினு, புதுசாக் கேக்குற?"

"இல்லண்ணே, சும்மாத்தான். சின்ன வயசாச்சேன்னு."

"எங்களுக்குச் செத்துட்டா. அம்புட்டுத்தான்." ரொனால்டு டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு, நெருங்கிய சினேகிதனிடம் ஒரு சாமர்த்தியத்தைச் சொல்லிக் காட்டுவது போல் கண்ணைச் சிமிட்டினார். "ஊருக்குச் சொல்லி ஒட்டியாச்சுல்ல. இனி ஒருநாள் நெசமாவே செத்தாலும் எவன் வந்து கேக்கப்போறான்? அடுத்த தடவ போஸ்டர் செலவு மிச்சம்."

சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். யாசினும் பல்லைக் காட்டினார் என்றே சொல்லவேண்டும். கடைக்காரன் முகம் வாடிக்கையாளர் சிரித்தால் தானாகச் சிரித்துவிடும். ரொனால்டு போன பிறகு அவர் மல்லிகைப் பந்தைத் தொடவே இல்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார், கேட்டதை மனைவியிடம் அப்படியே சொன்னார்.

ஷாஹினா அவருடைய கைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கூப்பிட்டு வாரேன்னு சொல்லுங்க" என்றாள். "பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் போஸ்டர்ல நம்ம கடைப் பேரும் இருக்குல்ல."

விசாரணை அங்கே காலை, இங்கே அந்தி. மஃரிப் தொழுகை முடிந்ததும் யாசின் மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். சாட்சியோடு அறையில் வேறொருவர் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஷாஹினா படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் ஜோஸ்பின். ஒன்றில் நரைத்த முடியும் மூக்குக் கண்ணாடியுமாக அந்த உறுப்பினர் அம்மையார். ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். நான்காவது கட்டத்தில் ராபினும் ஷைனியும்.

அந்த முகத்தை யாசின் அறிவார். முகத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைத் துடைத்து, புருவத்தின் ஓரத்திலிருந்த தழும்பை அழித்தவர் அவர்தான். திரையில் அந்தத் தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் தண்ணீர் குடித்தாள். தொண்டை அசைந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அவர் சட்டம் போட்ட முகங்களில் ஒன்றுகூட அதுவரை தண்ணீர் குடித்ததில்லை.

உண்மையையே சொல்வேன் என்று உறுதிமொழி வாங்கினார்கள். உறுப்பினர் ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் அச்சுத் தமிழில் சொன்னார்.

"ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு நீங்கள் என்ன ஆவணம் கேட்பீர்கள்?"

"ஒண்ணும் கேக்க மாட்டோங்க. போட்டோவும் தேதியும்தான்."

"இறந்ததாகச் சொல்லப்பட்டவர் இருபத்துநான்கு வயதுப் பெண். எப்படி இறந்தார் என்று கேட்டீர்களா?"

"இல்லைங்க."

"ஏன் கேட்கவில்லை?"

யாசின் தடுமாறினார். "எங்க ஊர்ல அப்படிக் கேக்க மாட்டோங்க. கேட்டா, மனசு சங்கடப்படுவாங்கல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். உறுப்பினர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யார் சங்கடப்படுவார்கள்?"

யாசின் திரையை விட்டு விசைப்பலகையைப் பார்த்தார். உறுப்பினரும் காத்திருந்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அவர் குரலில் கடுமை ஏதுமில்லை, ஒரு கணக்கைச் சரிபார்ப்பவரின் பொறுமைதான் இருந்தது.

"ஒரு குடும்பம் தங்கள் மகளை இறந்தவளாக அறிவித்து, துக்கமும் காத்துவிட்டது. அப்படியென்றால் அவர்கள் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள் என்றுதானே பொருள்? அதன் பிறகு ஏன் தேடி வர வேண்டும்?"

யாசின் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொனால்டு கடையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதை, அந்தப் போஸ்டர் செலவு மிச்சம் என்ற சிரிப்பு உட்பட, விடாமல் சொன்னார். சொல்லும்போது ஷைனியின் கட்டத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருந்தார். பார்த்துவிட்டார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அண்ணனின் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகியது என்பது அந்த அசையாமையிலிருந்தே விளங்கிற்று.

உறுப்பினர் ஒரு தாளைப் புரட்டினார். "இந்தக் கிழிந்த துண்டு ஓசூரில் ஒட்டப்பட்டது என்கிறார் மனுதாரர். சொந்த ஊரில் ஒட்டியதையே யாரேனும் அவருக்கு அனுப்பியிருக்கலாம் அல்லவா? நீங்கள் எத்தனை முறை அச்சடித்தீர்கள்?"

"ரெண்டு தடவைங்க. மொதல்ல ஊர்ல ஒட்ட. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி கேட்டாரு. ஓசூர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அங்கயும் ஒட்டணும்னாரு. நாந்தான் பஸ்ல பார்சல் போட்டு விட்டேன்."

"இரண்டும் ஒரே சுவரொட்டிதானா?"

"ஒண்ணுதாங்க. வாசகம் ஒண்ணு, தேதி ஒண்ணு. போட்டோ மட்டும்..."



"போட்டோ மட்டும்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"போட்டோ வேற."

முதல் படம் கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்தது. இரண்டாம் முறை ரொனால்டு, "அதுல முகம் தெளிவா இல்ல, இதைப் போடு" என்று வாட்ஸ்அப்பில் வேறொரு படம் அனுப்பினார். அந்தப் படம் இப்போது யாசினின் கண்முன் வந்து நின்றது. பேருந்து நிறுத்தத்தில், பச்சை நிறச் சீருடையில், கையில் ஒரு பையோடு, எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஷைனி. அவளுக்குத் தன்னைப் படமெடுப்பது தெரியாது. மூலையில், படமெடுத்தவன் மறைந்து நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடி தெரிந்தது. பின்னால் ஒரு மருந்துக்கடைப் பலகை. கடைப்பெயருக்குக் கீழே ஓசூர் என்று எழுதியிருந்தது.

பலகையை அழித்தவர் அவர்தான். மோட்டார் சைக்கிள் கண்ணாடியை அழித்தவரும் அவர்தான். அழித்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளை லில்லிப் பூக்களையும் ஒரு சிலுவையையும் வைத்தார். எழுத்தெல்லாம் சுத்தமாகப் போயிற்றா என்று பெரிதாக்கியும் பார்த்தார். கையில் அவ்வளவு வேலை நடந்தும் ஒரு நொடிகூட அவருக்குத் தோன்றவில்லை, விண்ணில் என்று தேதி போட்டவள் அதற்குப் பிறகு எப்படிப் பேருந்துக்கு நின்றாள் என்று.

இதையெல்லாம் அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. பாதி சொல்லி, திரும்பிப் போய், மறுபடி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இரண்டு முறை அவரை நிறுத்தச் சொன்னார். கடைசியில் உறுப்பினர் கேட்டார்.

"அந்த மூலப்படம் இப்போது உங்களிடம் இருக்கிறதா?"

"இருக்குங்க. கம்ப்யூட்டர்ல எதையும் அழிக்க மாட்டேன்."

அதையும் இரண்டு வடிவமைப்புகளையும் உடனே வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் செய்யச் சொன்னார்கள். யாசின் அனுப்பினார். படியில் ஷாஹினா இருமுவது கேட்டது. ஜோஸ்பின் படத்தைத் திறந்து திரையில் காட்டினார்.

ஷைனி தன் திரைக்கு மிக அருகில் குனிந்தாள். நெற்றிதான் தெரிந்தது.

"ராபின்" என்றாள். "இது நம்ம பஸ் ஸ்டாப்புல்ல? பால் பாக்கெட் வாங்கிட்டு நிக்கிறேன்."

ராபின் தன் கோணலான இடது கையை எடுத்து அவள் தோளில் வைத்தான். உறுப்பினர் கோப்பில் எதையோ தேடி எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டார். மருத்துவமனைப் பணிச் சான்று அது. திருமணத்துக்கு முன்னால் அவள் ஓசூரில் வேலை பார்த்ததே இல்லை, ஆகவே படம் 'விண்ணில்' தேதிக்குப் பிறகு எடுத்தது என்பதை ஜோஸ்பின் எடுத்துக் காட்டினார். சாட்சிக்கு நன்றி, நீங்கள் போகலாம் என்றார்கள். நான்கு கட்டங்களும் அணைந்தன. கறுத்த திரையில் யாசின் தம் முகத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வாரங்கள் தகவல் இல்லை. இடையில் ஒருநாள் சேவுகம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளின் படத்தோடு வந்தார். பள்ளிச் சீருடையில் இரட்டைச் சடை. யாசின் படத்தை வாங்கிக்கொண்டு, தலையைக் குனியாமல், "எப்படிங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் முதலில் புரியாமல் விழித்தார். புரிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "டெங்குன்னாங்க. ரத்தம் ஏத்துனாங்க. நான் வெளிய பழம் வாங்கப் போயிருந்தேன்..." என்று கடை நடுவே வாய்விட்டு அழுதார். கூட வந்தவர், "ஏன்யா, மனுசனா நீ? இதையெல்லாமா கேப்ப?" என்று யாசினை ஏசினார். யாசின் வாங்கிக்கொண்டார். மறுமுறை ஒருவர் வந்தபோதும் கேட்டார். பாய்க்கு என்னமோ ஆகிப்போச்சு என்று தெருவில் பேச்சு கிளம்பிற்று.

கார்த்திகையில் ஜோஸ்பின் அழைத்தார்.

"ஏற்றுக்கொண்டிட்டினம் தம்பி. ரெண்டு பேரையும். அந்தப் படத்தைப் பற்றித்தான் தீர்ப்பில கனக்க எழுதியிருக்கு. துக்கம் காக்கிற ஆக்கள் செத்தவளைப் பதுங்கி நிண்டு படம் எடுக்கமாட்டினம் எண்டு. பொறுங்கோ, ஷைனி உங்களோட கதைக்கோணுமாம், அவவை வீட்டில இருந்து இந்த லைனில இணைக்கிறன்."

யாசின் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"அண்ணே." மெலிந்த குரல். மதுரைப் பக்கத்துத் தமிழ் அங்கேயும் மாறவில்லை. "நல்லா இருக்கீங்களாண்ணே? உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை வரலைல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ நல்லா இரு. ஷாஹினா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

"அக்காகிட்டச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணே, ஒண்ணு கேக்கவா? அன்னைக்குப் பதட்டத்துல ஒண்ணும் படிக்கல, முழுப் போஸ்டரை நான் இப்பத்தானே படிச்சேன். வருந்துவோர்னு போட்டு அம்மா பேரு மொதல்ல இருக்கு. எங்கண்ணன் பேரு ரெண்டாவதா இருக்கு. அவன் எப்பவும் தன் பேரைத்தானே மேல போடுவான்? அம்மா சொல்லுச்சாண்ணே?"

முதல் சுவரொட்டி அடித்த அந்த மாலை யாசினுக்கு நன்றாக நினைவிருந்தது. பெயர்களை வாசித்துக் காட்டும் வழக்கப்படி அவர் வாசித்தபோது, ரொனால்டு கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். மறுமுனையில் சகாயசெல்வியின் குரல். அழுகை இல்லை, அவசரமும் இல்லை. "ஏலே, பெத்தவ பேரு மொதல்ல வரணும்ல? மாத்தச் சொல்லு" என்றது. பிறகு, "தம்பி, பூவு வெள்ளையாப் போடுங்க. அவளுக்கு வெள்ளைதான் பிடிக்கும்" என்றது. இரண்டு சுவரொட்டிகளிலும் அவர் லில்லிப் பூக்களை வைத்தது அதனால்தான். விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அம்மாவாண்ணே சொல்லுச்சு?"

"இல்லம்மா" என்றார் யாசின். "உங்கண்ணன்தான் எழுதிக் குடுத்தாரு. உங்கம்மா குரலையே நான் கேட்டதில்ல."

மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. நம்பினாளா இல்லையா என்பது அதிலிருந்து தெரியவில்லை. "சரிண்ணே" என்றாள். "இங்க பனி பெய்யுது. ராபின் அள்ளிக்கிட்டு இருக்காரு, ஒத்தக் கையால. நான் போறேண்ணே."